வெளிச்சம் இருந்தும் இறுகாதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

ஒளி பட்ட கீட்டோனோ சாயமோ அமீனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து, அதன் வழியாகப் பாலிமராதலை, அதாவது மோனோமர் எனும் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகச் சேர்ந்து இறுகுவதை, தொடங்கிவைக்கும் முறை பற்றியும், அதன் வினைவேகம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பென்சோயின் ஈதர் போன்ற துவக்கிகள் தனியாகவே வேலை செய்கின்றன. பென்சோபீனோனுக்கு மட்டும் அமீனின் துணை எதற்கு?

பென்சோயின் ஈதர் ஒளி பட்டதும் தானாகவே இரண்டாக உடைகிறது. இணையில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் அந்தத் துண்டுகள்தான் ரேடிக்கல்கள். பென்சோபீனோனுக்கு அப்படி உடையும் வழி கிடையாது. 365 நானோமீட்டர் ஒளியை வாங்கியதும் அது ஏறக்குறைய முழுவதுமாக டிரிப்லெட் எனப்படும், சற்று நீண்ட ஆயுள் கொண்ட கிளர்ந்த நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் அதற்கு எலக்ட்ரான் மீது நாட்டம் அதிகம். பக்கத்தில் மூவிணைய அமீன் இருந்தால், நைட்ரஜன் மீதுள்ள தனித்த இணையிலிருந்து ஓர் எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். எலக்ட்ரானை வாங்கிய கீட்டோனும் இழந்த அமீனும் எதிரெதிர் மின்சுமையோடு ஒட்டி நிற்கின்றன. எலக்ட்ரான் வந்த வழியே திரும்பிவிட்டால் வாங்கிய ஒளி வெப்பமாகிப் போகும், ரேடிக்கல் எதுவும் மிஞ்சாது. அப்படித் திரும்புவதற்குள், நைட்ரஜனை ஒட்டிய கார்பனில் இருக்கும் புரோட்டான் கீட்டோனின் ஆக்ஸிஜனுக்குத் தாவிவிட்டால் இரண்டு ரேடிக்கல்கள் கிடைக்கும்: அமீன் பக்கம் அமினோஆல்கைல் ரேடிக்கல், கீட்டோன் பக்கம் கீட்டைல் ரேடிக்கல். மோனோமரோடு சேர்ந்து சங்கிலியைத் தொடங்குவது முதலாவது மட்டுமே. கீட்டைல் ரேடிக்கல் மந்தமானது. பெரும்பாலும் அது தன்னைப் போன்ற இன்னொன்றோடு இணையும், இல்லையென்றால் வளரும் சங்கிலியின் முனையில் ஒட்டி அதை முடித்துவைக்கும். ஆகவே வேகக் கணக்கில் ஒரு டிரிப்லெட்டுக்கு இரண்டு துவக்க ரேடிக்கல் என்று எழுதுவது தவறு. அதிகபட்சம் ஒன்றுதான்.

அமீனைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. டிரைபீனைல் அமீன் எலக்ட்ரானைக் கொடுக்கும், ஆனால் நைட்ரஜனை ஒட்டிய கார்பனில் தாவக்கூடிய ஹைட்ரஜன் அதில் இல்லை. துணைத்துவக்கியாக அது சோபிக்காததன் காரணம் இதுதான்.

எலக்ட்ரான் தாவுமா தாவாதா என்பதை முன்கூட்டியே பார்க்க ரெம், வெல்லர் இருவரும் 1970-இல் தந்த சமன்பாடு போதும். அமீனின் ஆக்ஸிஜனேற்ற மின்னழுத்தத்திலிருந்து கீட்டோனின் ஒடுக்க மின்னழுத்தத்தைக் கழித்து, விடையிலிருந்து கிளர்வு ஆற்றலையும் கழியுங்கள். டிரைஎத்தில் அமீனுக்குச் சுமார் +0.96 வோல்ட், பென்சோபீனோனுக்குச் சுமார் −1.83 வோல்ட் (இரண்டும் கலோமெல் என்ற ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக). டிரிப்லெட் ஆற்றல் சுமார் 3.0 எலக்ட்ரான் வோல்ட். 0.96 + 1.83 − 3.0 = −0.2. விடை எதிர்மமாக இருப்பதால் தாவும். ஒரே மின்முனைக்கு எதிராக அளந்த எண்களை மட்டுமே இப்படிச் சேர்க்கலாம். வெள்ளி மின்முனை எண்ணையும் கலோமெல் எண்ணையும் கலந்துவிட்டு விடை வரவில்லை என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஒளிச்செறிவை இரண்டு மடங்காக்கினேன். வேகம் 1.4 மடங்குதான் ஏறியது. விளக்கில் கோளாறா?

விளக்கு நன்றாகவே இருக்கிறது, உங்கள் அளவீடும் சரி. இரண்டின் வர்க்கமூலம் 1.41.

வளரும் சங்கிலிகள் இரண்டிரண்டாக மோதித்தான் முடிகின்றன. ரேடிக்கல் எண்ணிக்கை கூடினால் முடிவது அதைவிட வேகமாகக் கூடும். மாறா நிலையில் பாலிமராகும் வேகம் என்பது வளர்ச்சி மாறிலி (சங்கிலி நீள்வதன் வேக மாறிலி), மோனோமர் செறிவு, துவக்க வேகத்தை முடிவு மாறிலியின் (சங்கிலி முடிவதன் வேக மாறிலி) இருமடங்கால் வகுத்த எண்ணின் வர்க்கமூலம் ஆகிய மூன்றின் பெருக்கல். துவக்க வேகம் உறிஞ்சப்பட்ட ஒளிக்கு நேர்விகிதம். அதனால் வேகத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஒளி வேண்டும்.

வேறு எண் வந்தால் அதுவும் ஒரு செய்திதான். நான்கைந்து ஒளிச்செறிவுகளில் தொடக்க வேகத்தை அளந்து, இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைபடம் போடுங்கள். சாய்வு 0.5-க்கு அருகில் இருந்தால் சங்கிலிகள் மோதி முடிகின்றன. 1-ஐ நோக்கி ஏறினால் ரேடிக்கல்கள் வலைப்பின்னலில் சிக்கி ஒவ்வொன்றாக அடங்குகின்றன. இரண்டு அக்ரிலேட் முனைகள் உள்ள மோனோமர்களில் இது சகஜம். 0.5-க்குக் கீழே இறங்கினால் கீட்டைல் போன்ற துவக்க நிலை ரேடிக்கல்களே சங்கிலிகளை முடிக்கின்றன, துவக்கியின் அளவு தேவைக்கு மேல் என்று பொருள். மோனோமர் பாலிமராகும் மாற்றம் 10 சதவீதத்தைத் தாண்டுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பாகுநிலை ஏறி முடிவு மாறிலியே மாறிவிடும். ஒளியைக் குறைக்க நடுநிலை வடிகட்டிக் கண்ணாடி பயன்படுத்துங்கள். எல்.இ.டி.யின் மின்னோட்டத்தைக் குறைத்தால் உச்ச அலைநீளமும் சற்றே நகர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

‘100 மில்லிவாட்டில் 10 விநாடி, 10 மில்லிவாட்டில் 100 விநாடி, இரண்டும் ஒரே அளவு ஒளிதானே’ என்ற கேள்வியும் வந்திருக்கிறது. ஒளி அளவு ஒன்றே, விளைவு ஒன்றல்ல. செறிவைப் பத்தில் ஒன்றாக்கினால் வேகம் 3.2 மடங்குதான் குறையும், நேரமோ பத்து மடங்கு கூடுகிறது. வர்க்கமூல விதி செல்லும் வரை மெதுவான முறைதான் அதிகம் இறுக்கும். காற்றுபட்ட மெல்லிய பூச்சில் மட்டும் இது தலைகீழாகும். உள்ளே நுழையும் ஆக்ஸிஜனை முந்த அங்கே பலமான ஒளி வேண்டும்.

கேள்வி: பென்சோபீனோன், அமீன், விளக்கு எல்லாம் ஒன்றே. மெத்தில் மெத்தாக்ரிலேட் இறுகுகிறது, ஸ்டைரீன் அசையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

நல்ல கேள்வி. இந்தத் துறையில் பலர் தடுக்கி விழும் இடம் இது. பென்சோபீனோனின் டிரிப்லெட்டைப் பிடிக்க அமீன் மட்டும் காத்திருக்கவில்லை, மோனோமரும் அதே வரிசையில் நிற்கிறது. யார் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதற்கு வேக மாறிலியைச் செறிவால் பெருக்கிப் பார்த்தால் போதும்.

அமீனுக்கு மாறிலி சுமார் 3 × 10⁹. செறிவு லிட்டருக்கு 0.1 மோல் என்று கொண்டால் விநாடிக்கு 3 × 10⁸. மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் மாறிலி சுமார் 7 × 10⁷தான், ஆனால் கரைப்பான் சேர்க்காத நிலையில் அது லிட்டருக்கு 9.4 மோல் இருக்கிறது. பெருக்கினால் 6.6 × 10⁸. ஆக டிரிப்லெட்டுகளில் 31 சதவீதம் அமீனுக்குப் போகிறது. குறைவுதான், ஆனாலும் வேலை நடக்கும். ஸ்டைரீனின் மாறிலியோ அமீனுக்குச் சமமாக 3 × 10⁹ அளவில் உள்ளது. செறிவு 8.7 மோல். பெருக்கினால் 2.6 × 10¹⁰. அமீனுக்குக் கிடைப்பது நூற்றில் ஒன்று. அமீனை ஐந்து மடங்காக்கினாலும் ஐந்து சதவீதத்தைத்தான் எட்டும்.

ஸ்டைரீன் இவ்வளவு வேகமாகப் பிடிப்பதற்குக் காரணம் ஆற்றல் படி. பென்சோபீனோனின் டிரிப்லெட் மோலுக்குச் சுமார் 289 கிலோஜூலில் நிற்கிறது, ஸ்டைரீனுடையது சுமார் 258-இல். ஆற்றல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிந்துவிடுகிறது. பிடித்த ஸ்டைரீன் அதைப் பயனுள்ள ரேடிக்கலாக மாற்றுவதும் இல்லை.

ஸ்டைரீனைத்தான் இறுக்க வேண்டுமென்றால் அமீனைக் கொட்டுவதை விட்டுவிட்டு வழியை மாற்றுங்கள். தானாக உடையும் பாஸ்பீன் ஆக்ஸைடு வகைத் துவக்கி எடுக்கலாம். அது உடையும் வேகத்தில் மோனோமருக்குக் குறுக்கிட நேரம் கிடைக்காது. இல்லையென்றால் ஸ்டைரீனைவிடக் கீழான டிரிப்லெட் உள்ள சாயம் ஒன்றைப் பயன்படுத்தலாம், ஆற்றல் மேல்நோக்கி வழியாது. அப்போதும் பொறுமை வேண்டும்: 25 டிகிரி செல்சியஸில் ஸ்டைரீனின் வளர்ச்சி மாறிலி சுமார் 86, மெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்குச் சுமார் 323, மெத்தில் அக்ரிலேட்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல்.

கேள்வி: இயோசின் என்ற சிவப்புச் சாயம், டிரைஎத்தனால் அமீன் சேர்த்து நீர்க்கூழ் தயாரிக்கிறேன். மேலே ஒரு மில்லிமீட்டர் இறுகுகிறது, கீழே சிவப்புத் தண்ணீராகவே இருக்கிறது. ஒளியைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. சாயத்தைக் குறையுங்கள்.

517 நானோமீட்டர் அருகே இயோசினின் மோலார் உறிஞ்சு குணகம் 90,000 அளவுக்கு வரும். லிட்டருக்கு 0.1 மில்லிமோல் போட்டால், ஒளி பத்தில் ஒன்றாகக் குறைவதற்குச் செல்லும் தூரம் 1.1 மில்லிமீட்டர்தான். நீங்கள் காணும் தடிமன் அதுவே. ஒளியை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 0.3 மில்லிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். சாயத்தை 0.02 மில்லிமோலாக்கினால் அந்தத் தூரம் 5.5 மில்லிமீட்டராக நீளும். குறிப்பிட்ட ஆழத்தில் துவக்க வேகம் உச்சமாக இருக்க வேண்டுமானால் அந்த ஆழம் வரையிலான உறிஞ்சளவு 0.43 இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் அடுக்குக்கு இது சுமார் 0.024 மில்லிமோல்.

10 மில்லிலிட்டருக்கான கலவை:

பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட் 1.5 கிராம். டிரைஎத்தனால் அமீன் 0.15 கிராம், அதாவது லிட்டருக்கு 0.1 மோல். வினைல் பைரோலிடோன் 40 மில்லிகிராம். இயோசின் ஒய் டைசோடியம் உப்பு 6.9 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்து இருப்புக் கரைசலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து 0.2 மில்லிலிட்டர். மீதி நீர்.

வரிசை முக்கியம். முதலில் அமீனைப் பெரும்பகுதி நீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 8-க்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு அக்ரிலேட்டைச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் காரத்தன்மையில் எஸ்டர் மெல்ல நீராற்பகுப்படையத் தொடங்கும். சாயத்தைக் கடைசியில், மங்கிய சிவப்பு விளக்கில் சேருங்கள். 520 முதல் 530 நானோமீட்டர் பச்சை எல்.இ.டி. பொருத்தமானது.

பி.எச். மேல் கண் இருக்கட்டும். டிரைஎத்தனால் அமீனின் அமில மாறிலி எண் (pKa) சுமார் 7.8. பி.எச். 8-இல் சுமார் 60 சதவீத அமீன் புரோட்டான் ஏறாமல் இருக்கும், 6.8-இல் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. புரோட்டான் ஏறிய நைட்ரஜனிடம் கொடுக்க எலக்ட்ரான் இணை இல்லை. ‘போன வாரம் இறுகியது, இந்த வாரம் இறுகவில்லை’ என்று எழுதுபவர்கள் பி.எச். தாளை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இறுகும்போது சிவப்பு வெளுத்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். எலக்ட்ரானை வாங்கிய சாயம் நிறமிழக்கிறது, வெளுத்த அடுக்கு வழியே ஒளி கீழே இறங்குகிறது. இறுகுவதற்கு முன்பே வெளுத்துவிட்டால்தான் சிக்கல். இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. ஜெரால்ட் ஆஸ்டர் 1954-இல் சாயங்களைக் கொண்டு இவ்வகைப் பாலிமராதலை விவரித்தபோதே, சாய முறைகளில் ஆக்ஸிஜனுக்கும் ஒரு பங்கு இருப்பதைக் கண்டார். ஆக்ஸிஜனைப் பகையாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

கேள்வி: விளக்கைப் போட்டு முக்கால் நிமிடம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு மளமளவென்று இறுகுகிறது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது?

உங்கள் ரேடிக்கல்களைக் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் டிரிப்லெட்டைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். பென்சோபீனோன்–அமீன் இணைக்கு அது பெரிய இழப்பல்ல. ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 0.001 மோல்தான் இருக்கும், அதனால் பிடிக்கும் வேகம் விநாடிக்குச் சில லட்சங்களுக்கும் கோடிக்கும் இடையில் அடங்கும். அமீனின் 3 × 10⁸ முன்னால் அது சிறிது. உண்மையான இழப்பு அடுத்த படியில் நேர்கிறது. கார்பன் ரேடிக்கலோடு ஆக்ஸிஜன் சேரும் மாறிலி 10⁹ அளவில், அதாவது விநாடிக்குப் பத்து லட்சம். மெத்தில் மெத்தாக்ரிலேட் சேரும் வேகம் 323 × 9.4, அதாவது விநாடிக்கு மூவாயிரம். முந்நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மோனோமர் தோற்கிறது.

முக்கால் நிமிடம் என்பதும் கணக்கில் வரும். நீல ஒளியை வாங்கும் சாயம், 470 நானோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட், 1 மில்லிமீட்டர் அடுக்கு, 20 சதவீத ஒளி உறிஞ்சப்படுகிறது என்று கொள்வோம். விநாடிக்கு லிட்டருக்கு சுமார் 4 × 10⁻⁵ மோல் ஃபோட்டான் உள்ளே போகிறது. பாதி பயனாகிறது என்றால் 2 × 10⁻⁵ மோல் ரேடிக்கல். 0.001 மோல் ஆக்ஸிஜனைத் தீர்க்க 50 விநாடி.

அமீனைச் சற்றுக் கூட்டினால் இந்த இடைவெளி சுருங்கும். ஆக்ஸிஜன் சேர்ந்த பெராக்ஸி ரேடிக்கல் அமீனிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துப் புதிய அமினோஆல்கைல் ரேடிக்கலை உண்டாக்கும். அது இன்னொரு ஆக்ஸிஜனைத் தின்னும். ஒரே ரேடிக்கல் பல ஆக்ஸிஜன்களைத் தீர்த்துவிடுகிறது. வேக மாறிலிகளை அளப்பவர்களுக்கு இது போதாது. உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருகவைக்கும் சுழற்சியை மூன்று முறை செய்யுங்கள். நைட்ரஜன் ஊதினால் 15 முதல் 20 நிமிடம் ஊதுங்கள், ஆனால் வாயுவை முதலில் அதே மோனோமர் நிரம்பிய குடுவை வழியாக அனுப்பிவிட்டு மாதிரிக்குள் விடுங்கள். இல்லாவிட்டால் மோனோமர் ஆவியாகிச் செறிவு மாறிப்போகும்.

கேள்வி: ஆற்றல் வேறுபாட்டை எவ்வளவுக்கு எதிர்மமாக்குகிறோமோ அவ்வளவுக்கு வேகம் கூடுமா?

ஒரு எல்லை வரைக்கும்தான். நீர் போன்ற பாகுநிலை குறைந்த கரைசலில் இரண்டு மூலக்கூறுகள் சந்திக்கும் வேகமே 25 டிகிரியில் 7 × 10⁹-ஐத் தாண்டாது. எலக்ட்ரான் எவ்வளவு துடித்தாலும் சந்தித்தால்தானே தாவும். பாகுநிலை ஆயிரம் மடங்கான பிசினில் இந்த எல்லையும் ஆயிரம் மடங்கு இறங்கி 7 × 10⁶ ஆகிறது. கரைசலில் வேலை செய்த 0.05 மோல் அமீன் பிசினில் போதாமல் போவது இதனால்தான்.

திரும்பும் எலக்ட்ரானின் கதை வேறு. ருடால்ஃப் மார்க்கஸின் கோட்பாட்டின்படி, ஆற்றல் இறக்கம் ஓர் அளவைத் தாண்டினால் எலக்ட்ரான் தாவும் வேகம் குறையத் தொடங்கும். பல காலம் பலரும் நம்பத் தயங்கிய இதை மில்லர், கல்கட்டேரா, க்ளாஸ் மூவரும் 1984-இல் சோதனையில் காட்டினர். 1992-இல் மார்க்கஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இது நேரடியாக உதவுகிறது. திரும்பும் பாதையின் இறக்கம் மிகச் செங்குத்தாக இருக்கும் இணையைத் தேர்ந்தால் எலக்ட்ரான் திரும்பத் தாமதமாகும். புரோட்டான் தாவ அந்த அவகாசம் போதும்.

கேள்வி: அயோடோனியம் உப்பு சேர்த்தால் வேகம் பல மடங்காகிறது என்கிறார்கள். எப்படி?

டைபீனைல் அயோடோனியம் எலக்ட்ரானை வாங்கியதும் உடைந்து அயோடோபென்சீனும் பீனைல் ரேடிக்கலும் ஆகிவிடும். உடைந்ததிலிருந்து எலக்ட்ரான் திரும்ப முடியாது. மேலும், சங்கிலியை முடித்துவைக்கும் கீட்டைல் ரேடிக்கலிடமிருந்தும் பாதி ஒடுங்கிய சாயத்திடமிருந்தும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சாயத்தை மீட்டுத் தருகிறது. தடையாக இருந்தது கழிந்து, அதே இடத்தில் ஒரு துவக்க ரேடிக்கல் பிறக்கிறது. சாயம் மீண்டும் ஒளி வாங்கத் தயார்.

தொடக்க அளவாகச் சாயம் எடையில் 0.1 சதவீதம், அமீன் 1 சதவீதம், அயோடோனியம் 1 சதவீதம் வையுங்கள். குளோரைடு உப்பு பெரும்பாலான மோனோமர்களில் கரையாது, ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் கரையும். அரோமாட்டிக் அமீனும் இந்த உப்பும் இருட்டிலேயே ஒன்றையொன்று பற்றி மெல்ல வினைபுரியக்கூடும் என்பதால், கலவையை முன்கூட்டியே செய்து வைக்காமல் இரண்டு புட்டிகளில் வைத்து, தேவைப்படும்போது கலக்குங்கள். ஈபாக்ஸியையும் சேர்த்து இறுக்கும் எண்ணம் இருந்தால் காரத்தன்மை மிகுந்த அமீனைத் தொடவே வேண்டாம். அங்கே வேலை செய்வது அமிலம், அமீன் அதைக் கட்டிப்போட்டுவிடும்.

கேள்வி: ஃபோட்டோ டி.எஸ்.சி. (ஒளி படும்போது வினையில் வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஒரு மாற்ற சதவீதம் காட்டுகிறது, அகச்சிவப்பு நிறமாலை வேறொன்று காட்டுகிறது. எதை நம்புவது?

வேகமாக முடியும் வினைக்கு அகச்சிவப்பை. டி.எஸ்.சி. கருவி வெப்பத்தை உணரச் சில விநாடிகள் எடுக்கும். ஐந்து விநாடியில் முடியும் வினையை அது பரப்பிக் காட்டும். மெதுவான வினைக்கு டி.எஸ்.சி. நல்லது. இறுகிய அதே மாதிரியை மீண்டும் ஒளியில் காட்டி, விளக்கின் வெப்பத்தைக் கழித்துவிடுங்கள். இரட்டைப் பிணைப்பு ஒரு மோலுக்கு மெத்தாக்ரிலேட்டில் சுமார் 55 கிலோஜூல், அக்ரிலேட்டில் சுமார் 80 முதல் 86 கிலோஜூல் என்று கணக்கிடுங்கள். அகச்சிவப்பில் அக்ரிலேட்டுக்கு 810, மெத்தாக்ரிலேட்டுக்கு 1637 அலை எண் பட்டைகளைப் பின்தொடருங்கள். பல் மருத்துவப் பிசின்களில் 1608-இல் உள்ள அரோமாட்டிக் பட்டை மாறாது, அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். திறந்த தட்டில் வைத்த மாதிரியையும் இரண்டு உப்புத் தகடுகளுக்கு இடையில் வைத்த மாதிரியையும் ஒப்பிட்டிருந்தால், வேறுபாட்டுக்குக் காரணம் கருவி அல்ல, ஆக்ஸிஜன்.

கேள்வி: விளக்கை அணைத்தால் வினை உடனே நிற்குமா?

பாகுநிலை குறைந்த கரைசலில் ஒரு ரேடிக்கலின் ஆயுள் விநாடிக் கணக்குதான், ஏறக்குறைய உடனே நிற்கும். குறுக்குப் பிணைப்பு விழுந்து இறுகிய பிசினில் சிக்கிய ரேடிக்கல்கள் மணிக்கணக்கில், சிலவற்றில் நாள்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அதனால் இறுகிய மாதிரியின் கடினத்தை அதே நாளில் ஒருமுறையும் மறுநாள் ஒருமுறையும் அளந்தால் எண்கள் ஒத்துப்போகாது. விளக்கை அணைத்த நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.